ரீஸ்டார்ட் பண்ணக் கூடாத பெட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நைட் ஷிஃப்ட்தான் அதிகம் விழும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முக்கியமான மாற்றங்கள் எல்லாம் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல்தான் நடக்கும். அந்த நேரத்தில் பேசுகிறவர்கள் குறைவு என்று கணக்கு. குளிரூட்டிய பெரிய கூடம். ஆளுயர இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். மூலையில் ஒரு டெர்மினல். அதில் ஐந்தைந்து எழுத்தாகக் கட்டளை அடிக்க வேண்டும். அலாரம் பட்டியல் வேண்டுமா, அதற்கு ஒரு ஐந்தெழுத்து. மணி என்ன என்று கேட்கக்கூட ஒரு ஐந்தெழுத்து. கடைசியில் அரைப்புள்ளி வைத்து என்டர் தட்டினால், கொஞ்சம் யோசித்துவிட்டு 'எக்ஸிக்யூட்டட்' என்று ஒரு வரி வந்து விழும். நான் சொன்னதை அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் இரவு புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் பழக்கத்தில், "சார், ஏத்தி முடிச்சதும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்று சீனியரிடம் கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த நிமிஷம் இதுக்குள்ள எவனோ ஒருத்தன் ஆம்புலன்ஸ் கேட்டுப் பேசிட்டிருப்பான். அவன்கிட்ட போய், 'கொஞ்சம் இருங்க, ரீஸ்டார்ட் ஆயிட்டிருக்கு'ன்னு நீ சொல்லுவியா, நான் சொல்லட்டுமா?"

அந்தப் பெட்டியின் பெயர் ஏ.எக்ஸ்.இ. செய்தவர்கள் எரிக்சன். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயர் 'சோனி எரிக்சன்' என்கிற செல்போனின் பின்பாதியாகத்தான் ஞாபகம் இருக்கும். பாட்டு கேட்க வாங்கிய அந்த ஆரஞ்சு நிற வாக்மேன் போன், கேமராவுக்காக வாங்கிய கே750. எனக்கோ அது சுவருக்குப் பின்னால் நிற்கும் கம்பெனி. நம் கைக்கு வந்த போதெல்லாம் தடுமாறியது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றபோதெல்லாம் அசையாமல் நின்றது. 150 வருஷத்துக் கதையை ஒரே பதிவில் அடக்க முடியாது. எனக்குப் பிடித்த இடங்களில் நின்று, பிடிக்காத இடங்களைத் தாண்டிப் போகப் போகிறேன்.

லார்ஸ் மேக்னஸ் எரிக்சன் 1846-ல் சுவீடனின் வார்ம்லாந்து பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். சுரங்கத்திலும் கொல்லுப் பட்டறையிலும் உடம்பை வருத்தி வேலை பார்த்துவிட்டு, 1867-ல் ஸ்டாக்ஹோமில் தந்திக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அரசாங்க உதவித்தொகையில் ஜெர்மனி போய் சீமென்ஸ் தொழிற்சாலையில் வேலை கற்றுத் திரும்பினார். 1876 ஏப்ரல் 1 அன்று கார்ல் யோஹான் ஆண்டர்சன் என்ற கூட்டாளியோடு ட்ரோட்னிங்காத்தன் தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில், சமையலறை அளவு இடத்தில் சொந்தப் பட்டறை போட்டார். முதலுக்கு ஆயிரம் குரோனர் கடன்.

தேதியைக் கவனியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது அதே வருஷம் மார்ச் 7. மூன்றரை வாரம்தான் இடைவெளி. எரிக்சனுக்கு அப்போது இது எதுவும் தெரியாது. ரயில்வேக்கும் தீயணைப்புத் துறைக்கும் தந்திக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பெல்லின் போன்கள் ஸ்டாக்ஹோமுக்கு வந்தன. வந்தால் கெடாமல் இருக்குமா? கெட்டுப்போனவை நேராக இவர் பட்டறைக்கு வந்தன. திறந்து பார்த்தார், எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டார், 1878-ல் தானே செய்ய ஆரம்பித்துவிட்டார். ஸ்காண்டிநேவியாவில் பெல் காப்புரிமை வாங்கி வைக்காதது இவருடைய அதிர்ஷ்டம். அடுத்தவன் சாமானைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ரிப்பேர்க்காரனிடமிருந்துதான் இவ்வளவு பெரிய கம்பெனி கிளம்பியது என்பதில் எனக்கு ஒரு சொந்தத் திருப்தி உண்டு. நானும் அந்த ஜாதிதான்.

இந்த இடத்தில் மனைவி ஹில்டாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். கல்யாணமான 1878-லிருந்தே பட்டறையில் கம்பிச் சுருள் சுற்றியவர் அவர். கணவர் வெளியூர் போனால் தொழிலையும் பார்த்துக்கொள்வார். கம்பெனி வரலாறுகளில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு கார் கதைக்காக. அதற்குப் பிறகு வருகிறேன்.

1881-ல் சுவீடனின் யேவ்லே நகரமும் நார்வேயின் பெர்கன் நகரமும் தொலைபேசி இணைப்பகத்துக்கு டெண்டர் கேட்டன. பெல் கம்பெனியும் போட்டது, எரிக்சனும் போட்டார். இரண்டு ஊரிலும் எரிக்சன் ஜெயித்தார். தலைநகரில் மட்டும் பெல்லின் ராஜ்யம், கட்டணமும் ராஜாவுக்கு ஏற்ற மாதிரி. அதை உடைத்தவர் ஹென்ரிக் தோரே செடர்கிரேன். நகைக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டுக்கும் கடைக்கும் இடையே போன் வேண்டும் என்று கேட்டு, பெல் சொன்ன விலையில் கொதித்துப்போய், 1883-ல் தானே ஒரு தொலைபேசி கம்பெனி ஆரம்பித்துவிட்டார். கருவிகளுக்கு எரிக்சன், மலிவான சந்தாவுக்கு செடர்கிரேன். 1885 வாக்கில் உலகத்திலேயே அதிகத் தொலைபேசிகள் இருந்த நகரம் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை, ஸ்டாக்ஹோம்.

அந்தக் காலப் புகைப்படம் ஒன்று இருக்கிறது, பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். 1887-ல் செடர்கிரேனின் இணைப்பகக் கூரைமேல் கட்டிய தொலைபேசிக் கோபுரம். பூமிக்கடியில் கேபிள் போடும் வழக்கம் வராத காலம். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனிக் கம்பி, தலைக்கு மேலே. சுமார் 5,000 கம்பிகள் நாலாப்பக்கமிருந்தும் அந்த இரும்புக் கூட்டுக்குள் வந்து சேர்கின்றன. ஊருக்கு மேல் யாரோ தறி போட்டு நெய்துகொண்டிருப்பதுபோல் இருக்கும். கேபிள்கள் மண்ணுக்குள் இறங்கியதும் 1913-ல் கோபுரத்துக்கு வேலை போனது. 1952-ல் தீப்பிடித்து, அடுத்த வருஷம் இடித்துவிட்டார்கள்.

இதே காலத்தில் மேஜை போனுக்கும் ஒரு வடிவம் வந்தது. 1892-ல் எரிக்சன் செய்த போனில் காந்தங்களே வளைந்து நான்கு கால்களாக நிற்கும், மேலே கைப்பிடி படுத்திருக்கும். குட்டைக்கால் நாய் மாதிரி இருக்கிறது என்று சுவீடன்காரர்கள் 'டாக்ஸ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். மறைக்கப் பெட்டி கிடையாது, உள்ளுறுப்பே உருவம். பொறியாளன் செய்த சாமானில் அழகு தானாக வந்து உட்கார்ந்த அபூர்வமான தருணம் அது. 1950-களில் டயலை அடியில் ஒளித்து வைத்து, படமெடுத்து நிற்கும் பாம்பு மாதிரி 'எரிகோஃபோன்' செய்தபோது அதே அழகைத் தேடிப் போனார்கள். அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. என்ன இருந்தாலும் எனக்கு அந்த நாய்தான்.

நடுவில் உள்ள வருஷங்களை வேகமாகக் கடக்கிறேன். பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய தொழிற்சாலை வைத்தார்கள், ரஷ்யப் புரட்சி வந்து அதை எடுத்துக்கொண்டது. 1918-ல் செடர்கிரேனின் பழைய கம்பெனியும் எரிக்சனும் ஒன்றாகின. நிறுவனர் அதற்கு வெகு முன்பே, 1905-க்குள் பங்குகளையெல்லாம் விற்றுவிட்டு, ஆல்பி என்ற இடத்தில் பண்ணை வாங்கி ஒதுங்கிவிட்டார்.

அங்கேதான் அந்தக் கார் கதை. 1910 வாக்கில் லார்ஸ் மேக்னஸ் காரில் ஊர் சுற்றுவார், பக்கத்தில் ஹில்டா. வண்டியில் ஒரு டெலிபோன். ரோட்டோரம் தொலைபேசிக் கம்பி போகிற இடத்தில் காரை நிறுத்துவார்கள். தூண்டில் கழி மாதிரி இரண்டு நீளக் குச்சிகளைத் தூக்கி, அதன் கொக்கிகளைக் கம்பிகளில் மாட்ட வேண்டியது ஹில்டாவின் வேலை. லார்ஸ் கைப்பிடியைச் சுற்றினால் எங்கோ ஒரு இணைப்பகத்தில் ஆபரேட்டர் எடுப்பார். உலகின் முதல் கார் போன் என்று இதை ஆசையாகச் சொல்கிறார்கள். பார்க்கப்போனால் கம்பியில் கொக்கி போட்டதுதானே! 1926 டிசம்பரில் அவர் இறந்தார். தன் கல்லறையில் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வைக்கவில்லை.

இவார் க்ரூகர் கதையையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 'தீப்பெட்டி ராஜா' என்று உலகம் புகழ்ந்த சுவீடன் முதலாளி. 1930 வாக்கில் எரிக்சனைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். மறு வருஷம் பெரும்பங்கை அமெரிக்காவின் ஐ.டி.டி. கம்பெனிக்கு விற்றார். அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது, 'ரொக்கக் கையிருப்பு' என்று எழுதியிருந்த தொகை பணமே இல்லை, க்ரூகரின் சொந்தக் கம்பெனிகள் தரவேண்டிய கடன்பாக்கி என்று தெரிந்தது. 1932 மார்ச் 12-ல் க்ரூகர் பாரிஸில் தன் படுக்கையறையில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். எரிக்சனோ, காசு போய், பங்குகள் போட்டிக் கம்பெனியின் கையில் சிக்கிக் கிடந்தது. வெளிநாட்டார் வாக்குரிமைக்கு சுவீடன் சட்டம் போட்டிருந்த கடிவாளமும், வாலன்பெர்க் குடும்பத்து வங்கியும் சேர்ந்து காப்பாற்றின. ஐ.டி.டி.யிடமிருந்து பங்குகள் ஊர் திரும்ப 1960 ஆயிற்று.

இனி என் பெட்டிக்கு வருகிறேன்.

பழைய இணைப்பகங்களில் எல்லாமே இரும்பு. எரிக்சனின் 500 முனை சுவிட்ச் 1923-ல் ராட்டர்டாமில் ஓட ஆரம்பித்தது. நீங்கள் டயலைச் சுற்றச் சுற்ற, அங்கே தண்டுகள் சுழன்று, நீண்டு, உங்கள் எண்ணைத் தேடிப் போய்த் தொடும். அப்புறம் கிராஸ்பார் என்ற அடுத்த வகை இரும்பு சுவிட்ச் வந்தது. 1960-களில், இரும்புக்குப் பதில் கம்ப்யூட்டர் யோசிக்கட்டும் என்று முடிவானது. 1968-ல் தும்பா என்ற ஊரில் எரிக்சன் வைத்த முதல் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் ஓடியது, ஆனால் அதன் சாஃப்ட்வேர் ஒரே சிக்கு. ஒரு இடத்தில் கை வைத்தால் வேறு எங்கேயோ இடிக்கும்.

அதனால் 1970-ல் சுவீடனின் அரசுத் தொலைபேசித் துறையும் எரிக்சனும் பாதிப் பாதியாகச் சேர்ந்து 'எல்லெம்டெல்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். அங்கே பிறந்ததுதான் ஏ.எக்ஸ்.இ. முதல் பெட்டி 1976-ல் சோடர்தால்யே நகரில் வேலைக்கு வந்தது, பட்டறை போட்டு சரியாக 100 வருஷம் கழித்து. 1977 இறுதியில் பிலிப்ஸ், பெல் கனடாவோடு சேர்ந்து சவூதி அரேபியாவின் தொலைபேசி ஒப்பந்தத்தை வாங்கினார்கள். அதுவரை தொலைத்தொடர்பில் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் போட்டதில்லை. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது.

அதில் என்ன விசேஷம்? சாஃப்ட்வேரைத் துண்டு துண்டாக, 'பிளாக்' என்ற தனித்தனி அறைகளாகக் கட்டினார்கள். ஒரு பிளாக்கின் தகவலை இன்னொன்று நேராகத் தொட முடியாது. ஏதாவது வேண்டுமென்றால் 'சிக்னல்' அனுப்பிக் கேட்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு பீரோ, சாவி அவரவர் இடுப்பில் என்கிற மாதிரி. இதற்கென்றே 'பிளெக்ஸ்' என்று சொந்த மொழி. நடுவில் மூளையாக இரண்டு பிராசசர்கள். இரண்டும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும், விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகவில்லையென்றால் தவறு செய்தது யார் என்று கண்டுபிடித்து, அதை ஒதுக்கிவிட்டு மற்றது ஓடும். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

புது சாஃப்ட்வேர் ஏற்றுவதும் இப்படித்தான். இரண்டையும் பிரித்து, ஒன்றை ஓட விட்டு மற்றதில் புதியதை ஏற்றி, பிறகு பக்கம் மாற்றுவோம். சின்னத் திருத்தமென்றால் அதுகூட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பிளாக்கில் ஒரு வரியை மட்டும் திருப்பிவிட்டு, வேறு இடத்தில் எழுதி வைத்த திருத்தத்துக்குப் போகச் சொல்லலாம். பேட்ச் என்கிறோமே, அது. கிழிந்த சட்டையை ஆள் போட்டிருக்கும்போதே தைப்பது. இந்தத் திருத்தும் வசதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தக் குணம் ரத்தத்தில் ஊறிவிட்டதால்தான் அடுத்த அதிசயமும் நடந்தது. 1980-களின் நடுவில் எரிக்சனின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் என்று மூன்று பேர். தொலைபேசிக்கு நிரல் எழுத எந்த மொழி நல்லது என்று பார்ப்பது அவர்கள் வேலை. இருக்கிற மொழிகளிலெல்லாம் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சை எழுதிப் பார்த்தார்கள், எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. 1986-ல் புரோலாக் மொழியின்மேல் கட்டி, தாங்களே ஒன்றை உண்டாக்கினார்கள். பெயர் எர்லாங்.

பெயரில் ஒரு சிலேடை உண்டு. 'எரிக்சன் லாங்குவேஜ்' என்றும் படிக்கலாம். ஆனால் தொலைபேசிக்காரர்களுக்கு எர்லாங் என்பது ஒரு அளவு. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பிஸியாக இருந்தால் அது ஒரு எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் இருந்த கணித அறிஞர் ஆக்னர் க்ராரூப் எர்லாங்கின் பெயர் அது. இத்தனை பேர் பேசுகிற ஊருக்கு எத்தனை லைன் போதும், எத்தனை பேருக்குப் பிஸி டோன் கேட்கும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சூத்திரம் எழுதியவர். அளவெடுக்கத் தெருவில் தானே போய்க் கேபிள் குழிக்குள் இறங்குவார், பின்னால் ஒரு தொழிலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று சொல்வார்கள். அவருடைய சூத்திரத்தை வைத்துத்தான் நாங்கள் தீபாவளி, புத்தாண்டு இரவுகளுக்கு லைன் கணக்குப் போட்டோம். புத்தாண்டு பன்னிரண்டு மணிக்கு எந்தச் சூத்திரமும் நிற்காது என்பது வேறு கதை.

எர்லாங் மொழியின் தத்துவம் முதலில் கேட்டால் பொறுப்பில்லாத பேச்சு மாதிரி இருக்கும்: விழுவது விழட்டும். ஒவ்வொரு அழைப்பும் ஒரு குட்டி வேலையாள். ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உண்டாக்கலாம். ஒருவருக்கொருவர் நினைவகத்தைப் பகிர்வதில்லை, செய்தி மட்டும் அனுப்பிக்கொள்வார்கள். ஒருவனுக்கு ஏதாவது தவறு நடந்தால் முட்டுக்கொடுத்து நிறுத்தப் பார்க்காதே, சாகவிடு. கண்காணிக்க ஒரு மேஸ்திரி இருப்பான், செத்தவன் இடத்தில் புது ஆளை நிறுத்துவான். ஒரு அழைப்பு அறுந்து போகலாம், எக்ஸ்சேஞ்ச் அறுந்து போகக் கூடாது. ஓடும்போதே நிரலை மாற்றும் வசதி மொழிக்குள்ளேயே இருக்கிறது. பிளெக்ஸின் சாயல் தெரிகிறதா?

1995 டிசம்பரில், ஏ.எக்ஸ்.இ.க்கு வாரிசாகக் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் திட்டம் ஒன்று எல்லெம்டெல்லில் சரிந்து விழுந்தது. அந்த இடிபாட்டிலிருந்து எழுந்த ஏ.எக்ஸ்.டி. 301 என்ற சுவிட்சை எர்லாங்கில் எழுதினார்கள். பத்து லட்சம் வரிகளுக்கு மேல். அருமையாக ஓடியது. நியாயமாகப் பார்த்தால் மாலை போட்டிருக்க வேண்டும். 1998 பிப்ரவரியில் எரிக்சன் ரேடியோ பிரிவு, இனி புதிய சாமான்களுக்கு எர்லாங்கைத் தொடாதே என்று தடை போட்டது. சொந்த மொழியை யார் காலமெல்லாம் கட்டி மேய்ப்பது, உலகம் பயன்படுத்தும் மொழி போதும் என்று நிர்வாகக் கணக்கு. பெற்றவர்கள் சண்டை போட்டு, அதே வருஷம் டிசம்பரில் மொழியைத் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கையோடு ஆர்ம்ஸ்ட்ராங் கூட்டம் வேலையை விட்டு 'புளூடெயில்' என்று தனிக்கடை போட்டது. சில வருஷத்தில் தடை காற்றில் கரைந்தது, 2004-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கையே திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வாட்ஸ்ஆப் தன் சர்வர்களை எர்லாங்கில்தான் கட்டியது. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது சுமார் 45 கோடிப் பயனர்கள். பொறியாளர்கள் சில டஜன் பேர். உங்கள் குடும்பக் குழுவில் காலை வணக்கம் வந்து விழுவதற்குப் பின்னால், ஒரு சுவீடன் எக்ஸ்சேஞ்சின் 'நிறுத்தாதே' என்கிற பிடிவாதம் இருக்கிறது. எரிக்சன் தடை செய்த சாமான்!

செல்போன் கதையையும் பார்த்துவிடலாம். 1956-ல் ஸ்டாக்ஹோமில் ஆபரேட்டர் இல்லாமலே அழைக்கும் கார் தொலைபேசி வந்தது. கருவி 40 கிலோ. 1981-ல் என்.எம்.டி. என்ற செல்போன் வலைப்பின்னல், அதன் நடுவிலும் ஏ.எக்ஸ்.இ. பெட்டிதான். துண்டு துண்டாகக் கட்டியிருந்ததால் செல்போனுக்கு வேண்டிய பிளாக்குகளைச் செருகினாலே போதுமாக இருந்தது. ஸ்காண்டிநேவியாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே சவூதியில் ஓடத் தொடங்கிவிட்டது. அப்புறம் ஜி.எஸ்.எம்., அப்புறம் பணமழை. 1994-ல் லுண்ட் நகரத்து எரிக்சன் அலுவலகத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுக்காரர் கம்பியில்லாக் குட்டி இணைப்பு ஒன்றை வடிவமைத்தார். பழைய டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயரை அதற்கு வைத்தவர் இன்டெல்லைச் சேர்ந்தவர். நீலப் பல். புளூடூத்.

2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஆல்புகெர்கியில் பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையை மின்னல் தாக்கி ஒரு சின்னத் தீ. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே கூடாத அறைக்குள் புகை புகுந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையின் முக்கிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், நோக்கியாவும் எரிக்சனும். நோக்கியா உடனே ஆளை அனுப்பி, உலகத்தில் மிச்சமிருந்த சிப்பையெல்லாம் வளைத்துப் போட்டது. 'ஒரு வாரத்தில் சரியாகிவிடும்' என்று பிலிப்ஸ் சொன்னதை எரிக்சன் நம்பி உட்கார்ந்தது, கைவசம் வேறு வழியும் வைத்திருக்கவில்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. எக்ஸ்சேஞ்சில் எதற்கும் இரண்டு இரண்டாக வைக்கிறவர்கள், சிப் வாங்க ஒரே கடையை வைத்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதன் பிறகு டாட்காம் சரிவு. 2000 இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த ஊழியர்கள் மூன்று நான்கு வருஷத்தில் பாதியானார்கள். 2001-ல் சோனியோடு கூட்டு, நல்ல போன்கள் சில, ஐபோன் வந்ததும் வழுக்கல், 2012-ல் மொத்தமாக சோனிக்கே கொடுத்துவிட்டு எரிக்சன் மறுபடி சுவருக்குப் பின்னால் போய் நின்றது. 2009 டிசம்பரில் உலகின் முதல் வணிக 4ஜி சேவை ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் ஒரே நாளில் தொடங்கியது. ஸ்டாக்ஹோமுக்குக் கருவி எரிக்சனுடையது, ஓஸ்லோவுக்கு ஹுவாவே. எதிராளி யார் என்று அன்றே தெரிந்துவிட்டது.

நல்லது மட்டும் சொன்னால் விளம்பரமாகிவிடும். சீனா, வியட்நாம், ஜிபூட்டி என்று பல நாடுகளில் ஒப்பந்தத்துக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் 2019-ல் அமெரிக்க அரசுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2018 டிசம்பர் 6 அன்று, எரிக்சன் சாஃப்ட்வேருக்குள் இருந்த ஒரு சான்றிதழின் தேதி காலாவதியாகிப் போக, பிரிட்டனில் ஓ2-வும் ஜப்பானில் சாஃப்ட்பேங்கும் மணிக்கணக்கில் முடங்கின. இரண்டு பிராசசர், மேஸ்திரி, மாற்று ஆள் எல்லாம் இருந்தும், தேதியைப் புதுப்பிக்க யாரும் இல்லை.

கடைசியாக ஏதென்ஸ். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2004, ஒலிம்பிக் நடக்கும் நேரம். கிரீஸ் வோடஃபோனின் எக்ஸ்சேஞ்சுகளும் ஏ.எக்ஸ்.இ. பெட்டிகள்தான். போலீஸ் உத்தரவு வந்தால் ஒட்டுக்கேட்பதற்கான சாஃப்ட்வேர் புதிய வெளியீட்டோடு சேர்ந்தே வந்து உள்ளே படுத்திருந்தது. அதை இயக்கிப் பதிவு வைக்கும் மேல்பாகத்தை வோடஃபோன் இன்னும் வாங்கவில்லை. என்ஜின் இருக்கிறது, ஸ்டீயரிங் இல்லை. யாரோ உள்ளே புகுந்து, பிளெக்ஸ் தெரிந்த கையால், ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சிலேயே பேட்ச் போட்டார்கள். 1,760 பிளாக்குகளில் 29-ஐ மட்டும் தொட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சு, நகலாகி, வேறு 14 ப்ரீபெய்டு போன்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறைத்த விதம்தான் என்னை அன்று தூங்கவிடாமல் செய்தது. போட்டிருக்கும் பேட்ச்களைப் பட்டியலிடும் கட்டளையையே மாற்றி, தங்களுடையது அதில் தெரியாமல் செய்திருந்தார்கள். நிரல் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகையைக் கேட்டால் பழைய விடையையே சொல்லும். திரும்பி உள்ளே வர ஒரு கள்ள வாசலும் வைத்திருந்தார்கள்: ஏதாவது சாதாரணக் கட்டளையை அடித்து, பின்னால் ஆறு ஸ்பேஸ் தட்ட வேண்டும். அவ்வளவுதான். அடித்த கட்டளைகளைக் குறித்து வைக்கும் பதிவேடு மூடிக்கொள்ளும், மூடியதற்கு அடிக்க வேண்டிய அலாரமும் வாயை மூடும். நான் இரவெல்லாம் அடித்த அதே கட்டளைகள். என் விரல் என்றைக்காவது தவறி ஆறு முறை ஸ்பேஸ் தட்டியிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

மாட்டியது தற்செயலாக. 2005 ஜனவரியில் அந்தத் திருடர்கள் தங்கள் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள், அதில் ஏதோ இடித்து, சில எஸ்.எம்.எஸ்.கள் போய்ச் சேரவில்லை. காரணம் தேடிய எரிக்சன் பொறியாளர்கள், தாங்கள் எழுதாத நிரல் உள்ளே ஓடுவதைப் பார்த்தார்கள். மார்ச்சில் வோடஃபோன் அதை உடனே அகற்றச் சொல்லிவிட்டது. பின்தொடர்ந்து பிடிக்கும் வாய்ப்பும் அதோடு போனது. மறுநாள் காலை, அந்த வலைப்பின்னலைத் திட்டமிட்ட பொறியாளர் ஒருவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். யார் செய்தது என்பது இன்றுவரை முழுசாக வெளிவரவில்லை.

இதைப் படித்த வாரம், ரிட்டயர் ஆகிவிட்ட என் சீனியருக்கு போன் போட்டு மொத்தக் கதையையும் சொன்னேன். பிரதமர், ஒலிம்பிக், இறந்து போன பொறியாளர், ஆறு ஸ்பேஸ் எல்லாம். அவர் இடையில் பேசவே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று "சார், இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்பா. எக்ஸ்சேஞ்ச ரீஸ்டார்ட் பண்ணாமயா அத்தனையும் போட்டானுங்க?"

"ஆமா சார். ஓடிட்டிருக்கும்போதே."

"ம்ம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எஸ்.எம்.எஸ். பிளாக்கை மட்டும் ஒழுங்கா டெஸ்ட் பண்ணியிருக்கணும்" என்றார்.